கார்குழலியின் வெள்ளோட்டம்

லாஸ்பேட்டையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். அதன் பழைய கட்டடத்து மாடியில், ஜெராக்ஸ் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ‘ஆய்வாளர் வழிகாட்டு மையம்’ என்று ஒரு பலகை தொங்கும். அதுதான் நாங்கள். பி.எச்டி. செய்கிற பிள்ளைகள் கைடோடு மனஸ்தாபம் என்றும், அத்தியாயம் நகரவில்லை என்றும், வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்குகிறார்கள் என்றும் மாடியேறி வருவார்கள். மற்ற துறைக்காரர்கள் எங்களுக்கு அழுகைக் கூடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் அழவைத்து அனுப்புகிற பிள்ளைகள்தானே இங்கே வருகிறார்கள்.

என் பெயர் இஷ்ரத். மையத்தின் ஒருங்கிணைப்பாளர். ஆலோசகர்களையும் ஆய்வாளர்களையும் சந்திக்கவைப்பது என் பணி என்று நியமன ஆணையில் போட்டிருக்கிறது. ஆலோசகர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. இயக்குநர் கிருஷ்ணசாமி சார் பொருளாதாரப் பேராசிரியர், மரியாதை என்றால் அவருக்கு உயிர். துணைவேந்தரின் கார் காலியாகப் போனாலும் வணக்கம் வைப்பார். புள்ளியியலுக்கு பாக்கியலட்சுமி மேடம். எண்ணில் பிசகினால் பெற்ற பிள்ளையையும் மன்னிக்க மாட்டார். எழுத்து நடைக்கு செம்மல். நீளமான வாக்கியத்தைக் கண்டால் அவருக்கு ஜுரம் வந்துவிடும். இந்த மூன்று பேரும் ஒரே ஆய்வேட்டைப் படித்துவிட்டு மூன்று திசைக்கு இழுப்பார்கள். நடுவில் மாட்டிய பிள்ளையை வெளியே எடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, யார் சொன்னதை விட்டுத்தள்ளலாம் என்று ரகசியமாகச் சொல்வேன்.

நான்காவது ஆலோசகர் தாஜுதீன் சார். பிரெஞ்சுப் பள்ளியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் மையத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே அவர்தான் என்று சொல்லலாம். எங்களிடம் வெள்ளோட்டம் என்று ஒரு வழக்கம் உண்டு. பி.எச்டி.யின் கடைசிப் படி வைவா. ஆய்வேட்டை வாசித்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நேரில் வந்து, ஊர் பார்க்கக் கேள்வி கேட்பார். அதற்கு முந்தின நாள் நாங்கள் ஒரு பொய் வைவா நடத்துவோம். அதில் தாஜுதீன் சார்தான் தேர்வாளர். சாதாரண நாளில் எறும்புக்கும் வழிவிடுகிற மனிதர், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். “அலோர்…” என்று பிரெஞ்சில் இழுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாரென்றால் எதிரே நிற்கிற பிள்ளைக்கு நாக்கு வறண்டுவிடும். அவரிடம் தப்பிப் பிழைத்தவர்களுக்கு மறுநாள் நிஜத் தேர்வாளர் பச்சைக் குழந்தையாகத் தெரிவார். வெள்ளோட்டத்துக்குக் கைடு வரக்கூடாது என்பது எங்கள் சட்டம். கைடு இருந்தால் பிள்ளை பதிலை அவர் முகத்தில் தேடும்.

கார்குழலிக்கு வெள்ளோட்டம் என்ற வாரத்தில் பார்த்து தாஜுதீன் சாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது.

கார்குழலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அந்தத் தொழிற்பேட்டைக்குத் தினமும் வந்துபோகிற பெண்களைப் பற்றித்தான் கார்குழலியின் ஆய்வு. வெகு நல்ல ஆய்வு, நானே உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஆனால் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டால் போதும், அந்தப் பெண்ணுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் துறையில் ஒரு கருத்தரங்கு வைப்பார்கள். அதில் டீன் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். கார்குழலி மைக்கைப் பிடித்தபடி நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ‘இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்’ என்று டீனே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவள் எங்கள் மாடியேறி வந்து அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

இப்போது இன்னொரு நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரிலேயே ஒரு கல்லூரியில் அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வைவா முடித்த சான்றிதழோடு வந்து சேரவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். வரப்போகிற வைவாவில் அவள் வாய் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் தேர்வாளர் மறு வைவா எழுதுவார், அதற்கு நாலைந்து மாதம் ஓடிவிடும், வேலை கையைவிட்டுப் போகும்.

தாஜுதீன் சார் கண்ணில் கட்டோடு எனக்குப் போன் செய்தார். காரைக்காலில் அவருடைய நண்பர் ஒருவர், கல்லூரி நூலகராக இருந்தவர், அவருக்குப் பதிலாக வருகிறாராம்.

“அவனுக்குக் கூச்சம் ஜாஸ்திம்மா. வந்ததும் ஏதாவது சாக்கு சொல்லி நழுவப் பாப்பான். உட்டுடாதீங்க. புடிச்சி ஒக்கார வெச்சிட்டீங்கன்னா அப்புறம் தேறிடுவான்.”

வெள்ளோட்டத்தன்று மதியம் பேய் மழை. நாங்கள் நான்கு பேரும் கூட்ட அறையில் காத்திருந்தோம். கார்குழலி மேசைக்கு எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கம்பி ஒடிந்த குடை, தோளில் ஜோல்னாப் பை, மடித்துவிட்ட பேன்ட், காலில் ரப்பர் செருப்பு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மன்னிக்கவேண்டும், நான் வந்தது என்னவென்றால், என்று ஆரம்பித்தார். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றேன் நான். இல்லையில்லை, நான் வேறொரு விஷயமாக வந்தேன் என்றார் அவர். செம்மல் என்னைப் பார்த்துச் சிரித்தார். தாஜுதீன் சார் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

“வேற விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். புள்ள காத்துக்கிட்டு இருக்கா. மொதல்ல தலையத் தொவட்டுங்க,” என்று என் கைத்துண்டை அவர் கையில் திணித்தேன்.

துவட்டிக்கொண்டே அவர் இன்னொரு முறை வாயைத் திறந்தார். அதற்குள் பாக்கியலட்சுமி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டார். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேசைமேல் இருந்த ஆய்வேட்டைப் பார்த்தார், கார்குழலியைப் பார்த்தார். பிறகு சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டார். கூச்சம் தெளிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

அதன்பிறகு, வழக்கம்போல, அவரைத் தயார்செய்தோம். கார்குழலியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு நான்தான் ஆரம்பித்தேன். சிரிக்கக்கூடாது, அவள் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கவேண்டும், நல்ல பதில் சொன்னாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக்கூடாது. எடுத்த எடுப்பில் மூன்றாம் அத்தியாயத்தில் கை வையுங்கள், ஆய்வேட்டிலேயே பலவீனமான இடம் அதுதான், நிஜத் தேர்வாளர் கட்டாயம் அதைப் பிடிப்பார் என்று விளக்கமாகச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் என்ன ஓட்டை என்றுகூடச் சொன்னேன். செம்மல் தன் பங்குக்கு முடிவுரையைக் காட்டிக்கொடுத்தார். பாக்கியலட்சுமி மேடம் மட்டும் நான்காம் அத்தியாயத்தில் ஒரு அட்டவணையைக் காட்டி, இதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள் என்றார். ஏன் என்றார் அவர். அது நான் போட்டுக் கொடுத்தது, கொஞ்சம் தொளதொள என்று இருக்கும் என்றார் மேடம். அந்த மனிதர் எல்லாவற்றையும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளோட்டம் தொடங்கியது. அவர் கேள்வி கேட்ட விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. குரல் தணிந்து இருந்தது, கேள்விக்கு முன்னால் தயவுசெய்து என்று வேறு சேர்த்துக்கொண்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

“சார், எக்சாமினர் யாரும் தயவுசெய்துன்னு சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் மொறப்பா கேளுங்க.”

அவர் சரி என்று முறைத்துப் பார்த்தார். முறைப்பும் சரியாக வரவில்லை. கூன் போடாமல் நிமிர்ந்து உட்காருங்கள் என்றார் செம்மல். வந்தவர் பேனாவை எடுத்து ஏதோ குறிக்கப்போனார், அதையும் கீழே வைக்கச் சொன்னேன். இப்படி நாங்கள் அவரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம். கார்குழலி பேசிக்கொண்டிருந்தாள். தடுமாற்றம் இல்லை, தொண்டை அடைக்கவில்லை. கம்பெனிக்குள் போய் முறையாகப் பேட்டி எடுக்காமல், ஓடுகிற பஸ்ஸில், ஸ்டாப்புக்கு ஸ்டாப் துண்டு துண்டாகப் பேசியதை எப்படி ஆய்வு என்பது என்று அவர் கேட்டார். அதுதான் மூன்றாம் அத்தியாயத்தின் ஓட்டை.

“கம்பெனி உள்ளயும் கேட்டேன் சார். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னாரு. எல்லாரும் ஒரே பதில் சொன்னாங்க. பஸ்ல ஆளுக்கொரு பதில் சொன்னாங்க. எனக்கு ஒரே பதில் வேணாம்னு பஸ்ஸ எடுத்துக்கிட்டேன்.”

அதோடு நிறுத்தவில்லை. பெரிய பேராசிரியர்கள் எழுதிய புத்தகங்களில் பேட்டி எங்கே எடுத்தது, பக்கத்தில் யார் நின்றது என்பதே இருப்பதில்லை, என் ஆய்வேட்டில் அது இருக்கிறது, அதைப் பலவீனம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். நேரே அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவர் வாயடைத்துப்போனார். நடிப்பு மறந்துவிட்டது போல என்று நினைத்து, அடுத்த கேள்வியை நானே எடுத்துக்கொடுத்தேன்.

முடிந்ததும் கார்குழலி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மழையோடு மழையாக ஓடினாள். எனக்கு வாயெல்லாம் பல். வந்தவருக்கு இன்னொரு டீ கொடுத்தோம். கிருஷ்ணசாமி சார் பெருந்தன்மையாக அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“பரவால்ல, நல்லாவே பண்ணீங்க. ஆனா எக்சாமினர்னா ஒரு கனம் வேணும். அது ஒங்களுக்கு வரல. இன்னும் ரெண்டு தரம் பண்ணீங்கன்னா வந்துடும்.”

கற்றுக்கொள்கிறேன் என்றார் அவர்.

அப்போதுதான் கதவு மறுபடி திறந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கடலூரில் பஸ் நின்றுவிட்டது, தாஜுதீன் அனுப்பினார், ஆனால் எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, ஆள் கிடைத்துவிட்டதென்றால் நான் அப்படியே போய்விடுகிறேன், என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

நாங்கள் நான்கு பேரும் மெதுவாகத் திரும்பி, டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் எழிலரசன். நாளைக்கு வைவாவுக்கு வந்திருக்கேன். ரயில் டிக்கெட் இன்னிக்குத்தான் கெடச்சுது, அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன். கெஸ்ட் ஹவுஸ் சாவி இந்த மாடியில வாங்கிக்கணும்னு வாட்ச்மேன் சொன்னார்.”

பேராசிரியர் எழிலரசன். கோயம்புத்தூர்க்காரர், தொழிலாளர் ஆய்வில் பெரிய கை, நாலு புத்தகம் எழுதியவர். அந்தப் பெயரை அழைப்பிதழில் நானே அச்சடித்திருந்தேன். அப்படிப்பட்டவர் வெள்ளைக் காரில், துறைத்தலைவர் முன்னால் ஓட, கழுத்தில் மாலையோடு நடந்து வருவார் என்று மனதில் ஓர் ஆளை வரைந்து வைத்திருந்தேன். ரப்பர் செருப்பில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார் என்று யார் கண்டது? கிருஷ்ணசாமி சார், தட்டிக்கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார். பாக்கியலட்சுமி மேடம் அந்த அட்டவணையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஏதேதோ உளறி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. முதலில் சொல்லப் பார்த்தேன், நீங்கள் விடவில்லை, அப்புறம் எனக்கே இது என்னவென்று பார்க்கத் தோன்றிவிட்டது, தப்பு என்னுடையதும்தான் என்றார். துண்டை மடித்து என்னிடம் தந்தார்.

“நான் நாளைக்குத்தான் வர்றேன். இன்னிக்கு இங்க வரவே இல்ல. நாளைக்கு அந்தப் பொண்ணு என்ன பேசுதோ அத வெச்சுத்தான் எழுதுவேன். மௌனமா நின்னா, மௌனமா நின்னுச்சுன்னுதான் எழுதணும்.”

சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரைக்கால் பெரியவர் அவருக்குமுன்பே நழுவியிருந்தார்.

அப்புறம் நடந்த ரகளையை என்ன சொல்ல. பொன்னாடை வாங்கிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்க் காலில் விழலாமா என்றார் கிருஷ்ணசாமி சார். அது இன்னும் கேவலம் என்றார் செம்மல். கார்குழலியிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் அடுத்த சண்டை. சொன்னால் இரவெல்லாம் தூங்காமல், விடிந்ததும் ஊமையாகிவிடுவாள் என்றார் பாக்கியலட்சுமி மேடம். சொல்லாவிட்டால் நாளை உள்ளே நுழைந்ததும் அந்த முகத்தைப் பார்த்து அங்கேயே மயங்கி விழுவாள் என்றார் செம்மல். நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். ஆளைக் கேட்காமல், பெயரைக் கேட்காமல், ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, நாங்கள் காப்பாற்றவேண்டிய பெண்ணின் ஓட்டைகளை ஒன்றுவிடாமல் தேர்வாளரிடமே எடுத்துக்கொடுத்திருக்கிறேன். எதிரிகூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான். சொல்வது என் வேலை என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலியார்பேட்டையில் சித்தி வீட்டு மாடி அறையில் கார்குழலி தங்கியிருந்தாள். நான் போனபோது மழை விட்டு, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அவள் நாளைக்குக் கட்டப்போகிற சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை விட்டுவிட்டு, எடுத்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். இன்றைக்கு வந்தவர் காரைக்கால்காரர் இல்லை, அவர்தான் எழிலரசன், எல்லாம் என்னால் வந்தது, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“தெரியும் மேடம்.”

எனக்குப் புரியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்ததுமே தெரியும் என்றாள்.

“அவரு லெக்சரெல்லாம் யூடியூப்ல இருக்குது. கம்பெனி பஸ்ல போறப்பலாம் அதத்தான் கேட்டுக்கினு போவேன். அந்தக் கொரல் எனக்குத் தெரியாதா?”

உட்கார்ந்தேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் இத்தனை கூத்தும் அடித்திருக்க மாட்டோமே.

அவள் சேலையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் எழுந்து நின்னுருப்பீங்க மேடம். எங்க அம்மா கம்பெனில சூப்பர்வைசர் உள்ள வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. டிபார்ட்மென்ட்ல டீன் வந்தா புரொபசர்ங்கள்லாம் நிக்கிறாங்க. அவ்ளோ படிச்சவங்களே நிக்கிறாங்க, அப்ப நாம எம்மாத்திரம்னு எனக்குத் தொண்ட அடச்சிக்கும். இன்னிக்கு அவருக்கு யாரும் நிக்கல. நீங்க துண்டக் குடுத்துத் தலையத் தொவட்டச் சொன்னீங்க. கூன் போடாதீங்கன்னு செம்மல் சார் சொல்றாரு. எனக்குப் பயமே வரல.”

இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயம் போக்கப் பாடுபட்டிருக்கிறோம். மூச்சை இழுத்துவிடு, தண்ணீர் குடி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார் என்று சொல்லாத வைத்தியம் இல்லை. அந்தப் பயம் எங்களைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தொற்றுகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. சத்தியமாக எனக்கு வெட்கமாக இருந்தது.

நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் முகம் வாடியது. நாளைக்குக் கருத்தரங்கக் கூடம், டீன் வருவார், எல்லோரும் இருப்பார்கள், அவர் உள்ளே வந்ததும் கூடமே எழுந்து நிற்கும், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேரே கிருஷ்ணசாமி சார் வீட்டுக்கு விட்டேன்.

அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. வாசலிலேயே வாக்குவாதம்.

“நீ என்னம்மா சொல்ற. ஏற்கெனவே அந்த மனுஷன் முதுகுல தட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு எழுந்திரிக்காமலும் ஒக்காந்திருந்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பாரு? டீன் என்ன நெனைப்பாரு?”

டீன் நினைப்பதற்கும் அந்தப் பெண்ணின் வேலைக்கும் நடுவில் எது பெரிது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சற்றே வெடுக்கென்றுதான் சொன்னேன். செம்மலுக்கும் பாக்கியலட்சுமி மேடத்துக்கும் போன் செய்தேன். செம்மல் உடனே சரி என்றார், அவருக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேடம் மட்டும், எழுந்திரிக்காமல் இருந்தால் அந்த அட்டவணைக்குப் பழிவாங்குவாரோ என்று கவலைப்பட்டார்.

மறுநாள் காலை கூடம் நிறைந்திருந்தது. கார்குழலியின் அம்மா ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வேண்டுமென்றே மேடைக்கு நேரே இரண்டாவது வரிசையைப் பிடித்துக்கொண்டோம். கிருஷ்ணசாமி சார் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னோடு பேசவில்லை. கார்குழலி மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், அழகாக இஸ்திரி போட்ட சேலையில். கை மட்டும் மைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

டீன் முன்னால் வர, கைடு பின்னால் வர, நடுவில் எழிலரசன் வந்தார். இன்றைக்கு ஷூ போட்டிருந்தார், கழுத்தில் மாலையும் விழுந்திருந்தது. கூடம் மொத்தமும் எழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்ட சத்தத்தில் கார்குழலியின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு டீன் முன்னால் நின்றாளே, அதே முகம்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான், செம்மல், பாக்கியலட்சுமி மேடம். மேடம் மடியிலிருந்த பையை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். பக்கத்தில் கிருஷ்ணசாமி சாரின் உடம்பு பழக்கதோஷத்தில் நாற்காலியைவிட்டுக் கிளம்பிவிட்டது. பாதி எழுந்தவர் மேடையைப் பார்த்தார். பிறகு மெல்ல, முழங்காலில் கைவைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார். டீன் எங்களைப் பார்த்த பார்வையில் நாலு மெமோ இருந்தது. சார் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

நிற்கிற கூட்டத்துக்கு நடுவே நாங்கள் நான்கு பேர் மட்டும் பள்ளமாகத் தெரிந்திருப்போம். கார்குழலியின் கண் சுற்றி அலைந்து எங்களிடம் வந்து நின்றது. ஒவ்வொருவராகப் பார்த்தாள். கிருஷ்ணசாமி சாரைப் பார்த்தபோது அவளுக்கு நம்பமுடியவில்லை என்று நினைக்கிறேன். கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வணக்கம் என்றாள். குரல் முதலில் கொஞ்சம் கம்மியது. இரண்டாவது வாக்கியத்தில் சரியாகிவிட்டது.

எழிலரசன் அவளை லேசில் விடவில்லை. நேற்று கேட்ட ஒரு கேள்வியையும் இன்று கேட்கவில்லை. நாங்கள் யாரும் யோசித்தே பார்க்காத இடங்களில் குடைந்தார், சில இடத்தில் என்னாலேயே அவரை மன்னிக்க முடியவில்லை. ஒன்றிரண்டு கேள்விக்கு அவள் தெரியாது என்றாள், அதையும் நிமிர்ந்து நின்று சொன்னாள். ஓர் இடத்தில் அவர் சொன்னதை மறுத்தாள். டீன் நெளிந்தார். எழிலரசன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார், இந்த முறை நான் தடுக்கவில்லை.

கடைசியில் அவர் எழுந்து, கார்குழலிக்கு முனைவர் பட்டம் வழங்கலாம் என்று முழுமனதாகப் பரிந்துரைக்கிறேன் என்றார். கூடம் உட்கார்ந்தபடியே கைதட்டியது, வைவாக்களில் தட்டுவதுபோல, அளவாக, மரியாதையாக. கைடு போட்டோவுக்கு ஆள் தேடினார். ஓரத்தில் அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. கிருஷ்ணசாமி சார் கார்குழலிக்காக எழுந்து நின்றார். நாங்கள் மூன்று பேரும் அவருக்குப் பிறகுதான் எழுந்தோம்.